கால் பதிந்த இடம்: வடசென்னைச் சம்பவ இடங்களில் பாதத்தடமும் செருப்புத்தடமும் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. ராத்திரி மொட்டை மாடி வழியாக இறங்கி பீரோவை உடைத்திருந்தார்கள். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு சிமென்ட் தரை ஈரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. "போலீஸ்காரங்க வராங்களேன்னு இப்பத்தான் தொடச்சு வெச்சேன் சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டாயிற்று. அவர் மேல் தப்பே இல்லை. அவர் விடியற்காலையில் போன் செய்தபோது, "தரையைத் தொடாதீங்கம்மா, வாசலைப் பெருக்காதீங்க" என்று எதிர்முனையில் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

கைரேகை என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. கையுறை போட்டுக்கொண்டு வருகிற திருடனும் அதனால்தான் போட்டுக்கொள்கிறான். ஆனால் அவன் பறந்து வந்திருக்க முடியாது. எங்கோ கால் வைத்துத்தான் வந்திருக்கிறான். அந்தத் தடம் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதற்கு முன்பே நம் காலில் மிதிபட்டுப் போய்விடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த எஸ்.ஐ.க்கள், தடயவியல் படிக்கும் பிள்ளைகள், குற்ற வழக்கு நடத்தும் இளம் வக்கீல்கள் ஆகிய மூன்று பேரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை போனில் தொடங்குகிறது

தகவல் வந்தவுடன் புகார் சொல்பவரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள். பெருக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், திருடன் வந்த வழி, போன வழி என்று தோன்றும் இடத்தில் யாரும் நடக்க வேண்டாம், ஃபேனைப் போட வேண்டாம். ஃபேன் காற்றில் தூசித்தடம் கலைந்துவிடும். வடசென்னையில் ஒண்டுக்குடித்தன வீடுகள் அதிகம். ஒரு வீட்டில் திருட்டு என்றால் பத்து வீட்டு ஜனம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு வைக்கச் சொன்னால் பாதிக் கூட்டம் தானாக நின்றுவிடும்.

போய்ச் சேர்ந்தபின் எல்லோரும் ஒரே வழியாக உள்ளே போய் அதே வழியாகத் திரும்ப வேண்டும். குற்றவாளி நடந்திருக்க வாய்ப்பில்லாத ஓரமாக அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போன ஒவ்வொருவரின் செருப்பு, ஷூ அடிப்பாகத்தையும் அங்கேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டு, ஆம்புலன்ஸ் ஊழியர், வீட்டுக்காரர், பார்க்க வந்த மாமனார் என்று யாரையும் விட வேண்டாம். இன்ஸ்பெக்டரின் ஷூவும் இதில் அடக்கம், கூச்சப்பட வேண்டாம். பின்னால் ஒரு தடத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்த பிறகு அது நம்மவர் பூட்ஸ் என்று தெரிய வந்தால் அதைவிட வேதனை கிடையாது.

எங்கே தேடுவது

பகலாக இருந்தாலும் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்குங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து வெளிச்சத்தை மெதுவாகச் சுற்றுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் வெறும் தரையாகத் தெரிந்த இடத்தில் பூ மாதிரி செருப்பின் கோடுகள் எழும்பி வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் தடம் பிடிக்கும் இடங்கள் தனி. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் மாடிகளில் அனல்மின் நிலையச் சாம்பல் மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கும். மாடி தாண்டி வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அவன் கால் வைத்த இடத்தில் தூசி போய்த் தரை தெரியும். அப்புறம் கீழே இறங்கியதும் அதே சாம்பலை மொசைக் தரையில் வைத்துவிட்டுப் போவான். ஒரே செருப்பு மாடியில் தூசியை எடுத்துத் தடம் விட்டது, கீழே தூசியை வைத்துத் தடம் விட்டது. இரண்டையும் எடுங்கள். வாசலில் கோலமாவை மிதித்தவன் உள்ளே நான்கைந்து வெள்ளைத் தடம் வைப்பான், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கலாக. மங்கலாக இருக்கிறதே என்று கடைசித் தடத்தை விட்டுவிடாதீர்கள். மாவு அப்பிய முதல் தடத்தைவிட மூன்றாவது நான்காவதில்தான் நுணுக்கம் தெளிவாக விழும்.

பீரோவைக் கலைத்தவன் காகிதங்களைத் தரையில் வீசியிருப்பான். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பழைய பில், செய்தித்தாள் எல்லாம் அருமையான பரப்பு. மேலே மிதித்திருப்பான். தடம் இருக்கும் காகிதத்தை அப்படியே கைப்பற்றிவிடலாம், அதுவே உத்தமம். சின்டெக்ஸ் டேங்க் மூடி, ஏறி நின்ற ஸ்டூல், ஜன்னல் விளிம்பு, உதைத்துத் திறந்த கதவு, உடைந்த கண்ணாடித் துண்டு ஆகியவற்றையும் பாருங்கள்.

காசிமேட்டில் நிலைமை வேறு. ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் நிமிடத்துக்கு நூறு கால் நடக்கிறது. அங்கே தரையை விட்டுவிட்டு, படகின் பலகை, வலைக்குப் பக்கத்து ஈர மணல், ஏலக்கூடத்துப் படிக்கட்டு ஓரம் என்று தேடுங்கள். கடலோர உலர்ந்த மணல் தடத்தைப் பிடித்து வைக்காது. அலை தொட்டுப் போன ஈர மணல் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அடுத்த அலை வரை மட்டும்.

படம் எடுப்பது: பாதி வழக்கு இங்கே தீர்ந்துவிடும்

தொடுவதற்கு முன் படம். என்ன அவசரமானாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். தூரத்திலிருந்து அறையோடு ஒன்று, நடுத்தூரத்தில் அடையாள எண் அட்டையோடு ஒன்று, அப்புறம் தடம் மட்டும் சட்டகம் நிறைய.

இந்த மூன்றாவது படத்தை வைத்துத்தான் நிபுணர் ஒப்பிடப் போகிறார். கேமராவை டிரைபாடில் மாட்டி, லென்ஸ் தடத்துக்கு நேர் மேலே, நெட்டுக்குத்தாகப் பார்க்கும்படி வையுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் தடத்தின் ஒரு முனை பெருத்து மறு முனை சிறுத்துவிடும். எல் வடிவ அளவுகோலைத் தடத்தின் அருகே, தடத்தின் அடிமட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில் வையுங்கள். சேற்றில் 2 செ.மீ. புதைந்த தடத்துக்கு அளவுகோலை மேலே வைத்தால் அளவு தப்பும். பக்கத்தில் கொஞ்சம் தோண்டி அளவுகோலை இறக்குங்கள். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தாழ்வாகச் சாய்த்து, நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த கீறல் இன்னொரு பக்க வெளிச்சத்தில் தெரியும்.

செல்போனில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் அகலக்கோண லென்ஸில் ஓரங்கள் வளையும், கிட்டே கொண்டுபோய் எடுத்தால் இன்னும் மோசம். படம் டிஜிட்டல் ஆவணம் என்பதால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-வது பிரிவின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் நிற்காது. எந்தக் கருவி, யார் எடுத்தது, ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) என்ன என்பதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தடத்தைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. போடுவதானால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வட்டம் தடத்தின் குதிகாலைத் தின்றிருந்த படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தடத்தைத் தூக்குவது

தூசித்தடத்துக்கு மின் தகடு கருவி சிறந்தது. ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் உலோகமாகவும் இருக்கும் தாளைத் தடத்தின் மேல் விரித்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், தூசி எழும்பித் தாளில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த தூசிக்கு மட்டும்தான் இது வேலை செய்யும். ஈரத்தில் பதிந்து காய்ந்த தடத்துக்குக் ஒட்டும் தன்மையுள்ள கறுப்பு ஜெலட்டின் ஷீட் எடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து காற்றுக்குமிழ் வராமல் உருட்டி ஒட்டி, அதேபோல உரிக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் மின் தகடு, பிறகு ஜெலட்டின்.

ரத்தத்தில் பதிந்த தடம் தனி மரியாதைக்குரியது. படம் எடுத்தபின், கோடுகள் இல்லாத ஓரத்திலிருந்து டி.என்.ஏ.வுக்கு மாதிரி எடுங்கள். அமிடோ பிளாக், லூகோ கிரிஸ்டல் வயலட் போன்ற சாயங்களால் மங்கிய ரத்தத்தடத்தைத் தெளிவாக்கலாம். அதை ஆய்வக ஆட்கள்தான் செய்ய வேண்டும். கழுவிவிட்ட தரையிலும், மிச்ச ரத்தத்தோடு வினைபுரியும் லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளித்தால் இருட்டில் நீல ஒளி வரும். அதனால், கழுவிவிட்டார்களே என்று கைவிட வேண்டாம்.

சேற்றில், மணலில் அச்சு எடுப்பது

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விட்டுவிடுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். அது மென்மையானது. மண்ணைப் பிரஷ்ஷால் தட்டும்போதே நுணுக்கமான கீறல்களும் சேர்ந்து உதிரும். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் வாங்குங்கள். ஒரு செருப்புத்தடத்துக்கு ஒரு கிலோ பொடி, சுமார் 350 மில்லி தண்ணீர். பெரிய ஜிப் பையில் பொடியை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தால், சம்பவ இடத்தில் தண்ணீர் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் பிசைந்தால் போதும். தோசை மாவு பதம் வர வேண்டும், இட்லி மாவு பதம் கெட்டி.

தடத்தில் பிறகு விழுந்த இலை, குப்பையை எடுத்துவிடலாம். மிதிபட்டு உள்ளே அமுங்கியிருக்கும் கல்லைத் தொடாதீர்கள், அது தடத்தின் ஒரு பகுதி. கலவையைத் தடத்தின் மேல் நேராகக் கொட்டாமல் பக்கத்தில் ஊற்றி, தானாக வழிந்து நிரம்பும்படி விடுங்கள். இறுகுவதற்கு முன் முதுகில் ஒரு குச்சியால் தேதி, குற்ற எண், தடத்தின் எண், வடக்குத் திசை எழுதிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துச் சுற்றிலும் தோண்டி, அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணை அங்கேயே கழுவாதீர்கள். இரண்டு நாள் காயட்டும். அந்த மண்ணையும் ஆய்வகம் பார்க்கும்.

நவம்பரில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தடத்துக்குள் தண்ணீர் நிற்கும். தண்ணீரை இறைத்தால் தடமே கலங்கும். சுற்றிலும் ஒரு வரப்பு கட்டி, பொடியைக் காய்ந்தபடியே சலித்துத் தண்ணீருக்குள் விழச் செய்யுங்கள். அடியில் ஒரு படலம் படிந்தபின் கெட்டியான கலவையை மேலே ஊற்றுங்கள். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் நன்றாக வரும்.

வெறுங்கால்

நம் ஊரில் இதற்குத் தனி இடம் உண்டு. சத்தம் வராமல் இருக்கச் செருப்பை மாடியிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் பலர். டைல்ஸ் தரையில் வெறுங்கால் பட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ரேகை தெரிகிறதா? உள்ளங்காலிலும் கால்விரல்களிலும் கைவிரல் போலவே ரேகை உண்டு, அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. ரேகை தெரிந்தால் அது விரல் ரேகைப் பிரிவின் வேலை. தயங்காமல் கூப்பிடுங்கள்.

ரேகை தெரியாமல் வடிவம் மட்டும் இருந்தால், குதிகாலின் பின்முனையிலிருந்து ஐந்து விரல் நுனிகளுக்கும் ஐந்து கோடு, முன்பாதத்தின் குறுக்கே அகலத்துக்கு ஒரு கோடு என்று அளப்பது வழக்கம். விரல்களின் சரிவு, பாத வளைவு, சுண்டுவிரல் தரையில் படுகிறதா, பித்தவெடிப்பு, தழும்பு எல்லாம் கவனிக்க வேண்டியவை. பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். 25 செ.மீ. பாதம் என்றால் உயரம் சுமார் 165 செ.மீ. பக்கம். இது தேடலுக்கு ஒரு கைகாட்டி மட்டுமே, சில செ.மீ. முன்பின் போகும். இதை வைத்து ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கக் கூடாது.

தொடர்ச்சியாகத் தடங்கள் இருந்தால் அடியின் நீளம், இரு கால்களுக்கு இடைப்பட்ட அகலம், பாதம் வெளிப்பக்கம் திரும்பும் கோணம் ஆகியவற்றை அளந்து வரைபடத்தில் சேருங்கள். ஓடினானா, கனம் தூக்கினானா, நொண்டினானா என்று ஊகிக்க உதவும்.

விட்டுப்போன செருப்பு, உதைத்த தடம்

தெருச்சண்டை நடந்த இடத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்காமல் இருக்காது. யாரும் அதைக் காலில் மாட்டிப் பார்க்க வேண்டாம். உள்பக்கம் போட்டவரின் வியர்வையும் தோல் செல்லும் இருக்கும், டி.என்.ஏ. கிடைக்கலாம். அடிப்பக்கம் மீன் செதில், நிலக்கரித் தூள், சாம்பல் ஒட்டியிருக்கலாம். இடது தனி, வலது தனி, காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சம்பவ இடத்து மண்ணிலிருந்து மூன்று நான்கு மாதிரியும் கூடவே எடுங்கள்.

அடிபட்டவரின் சட்டையில் உதைத்த செருப்பின் கோடுகள் இருக்கும். மருத்துவமனையில் சட்டையைக் கழற்றியதும் அதைச் சுருட்டி மூட்டை கட்டாமல், மடிப்புக்கு நடுவே காகிதம் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பில் கன்றிய காயம் இருந்தால் அளவுகோலோடு அன்றும் படம் எடுங்கள், ஓரிரு நாள் கழித்தும் எடுங்கள். சில வடிவங்கள் மறுநாள்தான் தெளிவாகும்.

சந்தேக நபரின் செருப்பு

ஓடுகிறவர்கள் சட்டையை மாற்றுவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், செருப்பை மாற்றும் எண்ணம் வருவதில்லை. சிசிடிவியில் முகம் தெரியாவிட்டாலும் காலைப் பாருங்கள். சீக்கிரம் கைப்பற்றுங்கள். ஒவ்வொரு நாள் நடையிலும் அடிப்பாகம் தேய்ந்து பழைய கீறல் மறைந்து புதிய கீறல் சேர்கிறது.

ஒரு கடுமையான எச்சரிக்கை: கைப்பற்றிய செருப்பைச் சம்பவ இடத்துத் தடத்தின் மேல் வைத்துப் பொருந்துகிறதா என்று ஒருபோதும் பார்க்காதீர்கள். தடம் கெடும். தடத்தின் மண் செருப்பிலும் ஏறும். அதோடு அந்தத் தடயம் செத்தது.

சட்டத்தில் இடம் தெளிவாகவே இருக்கிறது. 1920-ம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்திலேயே பாதத்தடம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022 குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்திலும் இருக்கிறது. பாதத்தடம் கொடுக்கச் சொல்வது தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்று 1961-ல் கதி காலு ஓகாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 176(3). மாநிலங்கள் இதைப் படிப்படியாக அமல்படுத்த 5 ஆண்டு அவகாசம் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் திருட்டும் இதில் வருகிறது.

ஒப்பிடும்போது என்ன பார்ப்பது

முதல் கட்டம், வகை. கோடுகளின் வடிவம், அளவு, அச்சு. இங்கே விற்கும் செருப்பில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8.5 மி.மீ.தான். தடத்தின் நீளத்தை வைத்து மட்டும் சைஸ் சொல்லிவிடாதீர்கள். வடிவம் புரியவில்லை என்றால் பெரியமேட்டு மொத்தக் கடைகளில் ஒரு நடை கேட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பார்த்தவுடன் சொல்லிவிடும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஹவாய் செருப்பு எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். இல்லை. ரப்பர் ஷீட்டிலிருந்து வெட்டி எடுக்கும் செருப்பில், கோடுகள் விளிம்பில் எங்கே வெட்டுப்படுகின்றன என்பது செருப்புக்குச் செருப்பு மாறும். ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் வெட்டிய இரண்டு ஏழாம் நம்பரில்கூட விளிம்பு வேறாக இருக்கும். அப்புறம் தேய்மானம். அதற்கும் மேலே, தற்செயலாக விழுந்தவை: கண்ணாடி கிழித்த வெட்டு, புதைந்த கல், சிகரெட் சுட்ட குழி. நம் ஊருக்கே உரிய இன்னும் இரண்டு உண்டு. வார் அறுந்ததும் அடியில் குத்தும் ஊக்கு. தெருமுனையில் செருப்பு தைப்பவர் கையால் போட்ட தையல். ஊக்கு எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் குத்தியிருக்கிறது என்பதும், தையலின் இடைவெளியும் இன்னொரு செருப்பில் அப்படியே அமைவது மிக அரிது. அவற்றைத் தேடிப் பாருங்கள்.

ஒப்பிட, செருப்பின் அடியில் மை அல்லது எண்ணெயும் பொடியும் தடவி, யாராவது போட்டு நடந்து தடம் எடுக்க வேண்டும். கையால் அழுத்தினால் மட்டும் போதாது, நடையில் விழும் அழுத்தம் வேறு. ஒன்றுக்குப் பலமுறை எடுங்கள்.

செருப்பே கிடைக்காவிட்டாலும் தடம் பேசும். 1994-ல் அமெரிக்காவில் முன்னாள் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீது வந்த கொலை வழக்கில் ரத்தத்தடம் இத்தாலியத் தயாரிப்பான புரூனோ மாக்லி ஷூ, 12-ம் சைஸ் என்று எஃப்.பி.ஐ.யின் வில்லியம் போட்ஸியாக் கண்டுபிடித்தார். ஷூ கிடைக்கவேயில்லை. 1995-ல் குற்ற வழக்கில் சிம்ப்சன் விடுதலையானார். சிவில் வழக்கில், அப்படி ஒரு ஷூ தன்னிடம் இருந்ததில்லை என்றார். பிறகுதான் அவர் அதே ரக ஷூ போட்டிருக்கும் பழைய புகைப்படங்கள் வெளிவந்தன. 1997-ல் சிவில் வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. அதனால் சந்தேக நபரின் கல்யாண ஆல்பத்தையும் முகநூலையும் ஒருமுறை புரட்டுங்கள்.

அறிக்கையும் கூண்டும்

தடத்தை மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு அனுப்பும்போது முத்திரை, மகஜர் (கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு), நீதிமன்றம் வழியாகப் போன தேதி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இடையில் நான்கு நாள் பொருள் எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல தடமும் வீண்.

நீதிமன்றங்கள் இந்தத் தடயத்தை ஜாக்கிரதையாகத்தான் பார்க்கின்றன, அது நியாயம். 1956-ல் பிரித்தம் சிங் வழக்கிலும் 1997-ல் முகமது அமான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: கால்தடம் முழுதாக வளர்ந்த அறிவியல் அல்ல, மற்ற ஆதாரங்களுக்கு வலு சேர்க்கப் பயன்படுத்தலாம். தேய்மானத்தைப் பார்த்தே எந்த ஷூவுக்குள்ளும் யார் கால் இருந்தது என்று சொல்ல முடியும் என அமெரிக்காவில் லூயிஸ் ராபின்ஸ் என்ற மானிடவியலாளர் சாட்சி சொல்லி வந்தார். அதை நம்பித் தண்டனைகள் விழுந்தன. பின்னால் சக நிபுணர்கள் அது அறிவியலே அல்ல என்று நிராகரித்தார்கள். அப்படிச் சிறைக்குப் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

அதனால் அறிக்கையில் படிகளைப் பிரித்து எழுதுங்கள். வகை ஒத்தால், "இந்தத் தடத்தை இந்தச் செருப்போ, இதே மாடல், இதே அளவுள்ள வேறு செருப்போ ஏற்படுத்தியிருக்கலாம்." தேய்மானமும் விளிம்பு வெட்டும் ஒத்தால் ஒரு படி மேலே. ஊக்கும் தையலும் கீறலும் இடம் பிசகாமல் ஒத்தால் மட்டுமே அதற்கும் மேலே. ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும், அதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால், "இந்தச் செருப்பு அல்ல" என்று அதே தெளிவோடு எழுதுங்கள். செருப்பு அங்கே இருந்தது என்றுதான் நம்மால் சொல்ல முடியும். அதை யார் போட்டிருந்தார் என்பதை மற்ற சாட்சிகள்தான் சொல்ல வேண்டும். கூண்டில் வக்கீல் இதைக் கேட்பார். "ஆமாம், அதை என்னால் சொல்ல முடியாது" என்று தயங்காமல் பதில் சொல்லுங்கள்.